வாசல் மிதித்தால் சீட்டு கிடைக்குமா?

பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்தில் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்களில் ஆசிரியர் ஒருவர் தெருவில் நடந்து போனால் போதும், யாராவது நிறுத்திக் கேட்டுவிடுவார்கள்: “காலேஜ நேர்ல போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்தா சீட்டு கெடச்சிருமா சார்?” சின்ன வெங்காயம் போட்டு விலைக்குக் காத்திருக்கும் அப்பா கேட்பார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற மாமா கேட்பார். முந்திரிக்கொட்டை உடைத்துக் கைகறுத்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்பார்.

கேள்வியில் கள்ளம் இல்லை. நான்கு இடத்தில் முகம் காட்டினால்தான் காரியம் நடக்கும் என்பது தாலுகா ஆபீசும் பேங்கும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். கல்லூரியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இன்று அரசு ஒதுக்கீட்டு இடங்களில் அப்படி இல்லை. வாசலை மிதித்ததற்காக ஒரு மார்க்கும் கூடாது, மிதிக்காததற்காக ஒரு மார்க்கும் குறையாது. ஆனாலும் போய்ப் பார்க்கத்தான் வேண்டும் என்பதே என் கட்சி. சீட்டுக்காக அல்ல, எந்தச் சீட்டைக் கேட்பது என்று தெரிந்துகொள்வதற்காக. இந்த இரண்டும் வேறு வேறு என்பது நம் வீடுகளுக்குப் புரிந்துவிட்டால் பல பிள்ளைகளின் நான்கு வருடம் காப்பாற்றப்படும்.

அன்று: முகம் பார்த்துப் போட்ட மார்க்

இன்றைய இரண்டு மாவட்டங்களும் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடக்கு மூலை. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடி தனி மாவட்டமானது. 1965இல் அரியலூரில் அரசு கலைக் கல்லூரி வந்ததுதான் இந்தப் பக்கத்தின் முதல் பெரிய திறப்பு. அது போக, கல்லூரி என்றால் திருச்சிதான். செயின்ட் ஜோசப், நேஷனல், ஜமால் முகமது, பெண்பிள்ளைக்கு ஹோலி கிராஸ். அரியலூர்க்காரர்களுக்காவது கார்டு லைனில் ரயில் உண்டு. பெரம்பலூர் நகரத்துக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. பஸ்ஸை நம்பித்தான் படிப்பு.

அந்தக் காலத்துச் சேர்க்கை முழுக்க முழுக்க நடையால் ஆனது. விண்ணப்பம் வாங்க ஒரு நடை. பூர்த்தி செய்து கொடுக்க ஒரு நடை. தேர்வானவர்கள் பட்டியலைக் கல்லூரிப் பலகையில் ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு நடை. நேர்காணலுக்கு ஒரு நடை. பணம் கட்ட இன்னொரு நடை. ஒவ்வொரு நடைக்கும் அப்பாவின் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். பட்டியல் ஒட்டிய தகவல் குன்னத்துக்கோ செந்துறைக்கோ வந்து சேருவதற்குள் பணம் கட்டும் கடைசி நாள் போய்விடுவதும் உண்டு. திருச்சியில் சொந்தக்காரர் இருந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பலகை பக்கத்தில் இருந்தது. மற்றவர்களுக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இடத்தைத் தீர்மானித்ததில் அந்தத் தூரத்துக்கும் பங்கு உண்டு.

மருத்துவம், பொறியியல் என்றால் முகத்துக்கே மார்க் இருந்தது. தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளின் சேர்க்கையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன பெரியகருப்பன் வழக்கு 1971 தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. அன்றைய முறையில் மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு. பரீட்சையில் எழுதி வாங்கிய மார்க்கோடு, ஒரு குழுவின் முன் சில நிமிடம் உட்கார்ந்து வாங்கும் 75 மார்க்கைச் சேர்த்துத்தான் யார் டாக்டர் என்று முடிவானது. நேர்காணலுக்கு அத்தனை மார்க் ஒதுக்குவது மேலோட்டமாகப் பார்த்தாலே மிகையாகத் தெரிகிறது என்று நீதிமன்றமே குறிப்பிட்டது. ஆண்டிமடம் முந்திரிக்காட்டிலிருந்து முதல்முறையாக நகரத்துக்கு வந்த பையன், நாற்காலியில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தால், அந்த 75இல் அவனுக்கு எவ்வளவு விழுந்திருக்கும்? அப்பா வக்கீலாகவோ டாக்டராகவோ இருந்த பையனுக்கு எவ்வளவு விழுந்திருக்கும்? ‘தகுதி’ என்று அங்கே அளக்கப்பட்டதில் பாதி, வளர்ந்த வீட்டின் வாசனை.

முகமும் சிபாரிசும் சேர்க்கையைவிட்டு வெளியேறியது மெல்ல மெல்லத்தான். 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அதே காலத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் கதவு திறந்தது. அந்தக் கதவு வழியே நன்கொடை என்ற பெயரில் பணம் நுழைந்தது. தாளாளரைப் பார்க்க ஆள் பிடிக்கும் வழக்கமும் அதோடு வந்தது. நன்கொடையைத் தடைசெய்ய 1992இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 1997இல் பொறியியலுக்கு ஒற்றைச்சாளர முறை வந்தபோதுதான் கல்லூரி கல்லூரியாக அலைகிற வேலை ஒழிந்தது. ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை. யாருடைய கடிதமும் அந்த வரிசையில் ஒருவரையும் ஒரு எண் மேலே ஏற்ற முடியாது. பிறகு நுழைவுத் தேர்வும் நீக்கப்பட்டது. 2007 முதல் பொறியியலுக்குப் பிளஸ் டூ மார்க்கே அளவுகோல்.

கிண்டிக்குப் போன இருபது வருடம்

1997 முதல் 2017 வரை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொறியியல் சேர்க்கை என்றால் அது சென்னைப் பயணம். அழைப்புக் கடிதத்தில் தேதியும் நேரமும் இருக்கும். அந்தக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் பஸ் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. இரவு பெரம்பலூரில் ஏறினால் விடியற்காலை சென்னை. பஸ் ஸ்டாண்டிலேயே பல் தேய்த்து, கட்டணக் குளியலறையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போவார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் சாதிச் சான்று, மாற்றுச் சான்று, மார்க் ஷீட், டி.டி. அதை அப்பா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பார், யார் கேட்டாலும் கையைவிட்டுக் கொடுக்க மாட்டார்.

வளாகத்துக்கு உள்ளே பந்தல், பேங்குக் கவுண்டர், உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். வெளியே கல்லூரிகளின் வண்ண வண்ணத் துண்டுப் பிரசுரங்கள். பெரிய திரையில் கல்லூரிகளின் பெயரும் அவற்றில் மிச்சமிருக்கும் இடங்களும் ஓடும். கண் முன்னாலேயே எண்ணிக்கை குறையும். நாம் நினைத்திருந்த கல்லூரியில் ‘மெக்கானிக்கல் 2’ என்று இருந்தது, கூப்பிடும்போது சைபர் ஆகியிருக்கும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் சில நிமிடங்களில் முடிவு சொல்ல வேண்டும். அப்பாவைப் பார்ப்பான் பையன். அப்பா திரையைப் பார்ப்பார். “பஸ்ஸு போற ஊரா பாத்து எடுப்பா” என்பார். அச்சடித்த ஒதுக்கீட்டுத் தாள் கைக்கு வரும். நான்கு வருட வாழ்க்கை முடிவாகியிருக்கும்.

அந்த முறையின் நேர்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. திரையில் இருந்த எண் எல்லாருக்கும் ஒன்றுதான். செந்துறைப் பிள்ளைக்கும் அண்ணா நகர்ப் பிள்ளைக்கும் ஒரே வரிசை. கல்லூரிக்கே போகாத குடும்பங்களிலிருந்து ஒரு தலைமுறை இன்ஜினியர்கள் அந்த அரங்கிலிருந்துதான் எழுந்து வந்தார்கள். 2010-11இலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் சேர்ந்துகொண்டது.

ஆனால் ஒரு குறை அப்படியே நின்றது. பிள்ளைகள் நேரில் பார்த்த ஒரே கல்லூரி கிண்டி வளாகம்தான். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரியின் மரங்கள் அடர்ந்த, செங்கல் கட்டடங்கள் நிறைந்த அந்த வளாகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரையில் ஒரு குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலோருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. கிடைத்த கல்லூரியை முதல்முதலாகப் பார்த்தது சேர்ந்த அன்றைக்கு. மெஷினே இல்லாத பட்டறை, ஆள் இல்லாத துறை, தண்ணீர் வராத விடுதி எல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குள் பணம் கட்டியாகிவிட்டது. ஊரில் ‘இன்ஜினியரிங் சேந்துட்டான்’ என்று சொல்லியும் ஆகிவிட்டது.

இன்று: கைபேசிக்குள் கலந்தாய்வு

2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. மாவட்டங்களிலேயே உதவி மையங்கள் வந்தன. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் கணக்கு. இருவரின் கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் முதலில் கணித மார்க்கையும் பிறகு இயற்பியல் மார்க்கையும் பார்ப்பார்கள். அப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்து, பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் சமவாய்ப்பு எண் முடிவுசெய்யும். இந்தக் கணக்கில் கல்லூரியை எட்டிப் பார்த்தவர், பார்க்காதவர் என்று ஒரு கட்டமே கிடையாது. பிள்ளை விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்திப் பூட்டுகிறது. தரவரிசையையும் இடஒதுக்கீட்டையும் வைத்துக் கணினி இடத்தைக் கொடுக்கிறது.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் 2020 முதல் ஒரே இணையதளம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். அரியலூர், குரும்பலூர், வேப்பந்தட்டை, ஜெயங்கொண்டம், பெண்களுக்கென்று வேப்பூர் என எல்லாவற்றுக்கும் வீட்டிலிருந்தே போட்டுவிடலாம். அன்று ஐந்து நடை நடந்த அப்பாவின் கூலி இன்று மிச்சம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்டுதோறும் பிள்ளைகள் இதில்தான் இடத்தை இழக்கிறார்கள். அரசு கலைக் கல்லூரிகளில் விண்ணப்பம்தான் இணையத்தில். கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியில் நேரில். முதலில் விளையாட்டு, மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் பிள்ளைகள் முதலான சிறப்புப் பிரிவு. பிறகு பொதுக் கலந்தாய்வு, தரவரிசைப்படி நாள் நாளாக. கூப்பிட்ட நாளில், கூப்பிட்ட நேரத்தில், அசல் சான்றிதழ்களோடு ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். குறுஞ்செய்தி வந்த கைபேசி அண்ணனோடு திருப்பூரில் இருக்கும், தேதி இங்கே யாருக்கும் தெரியாமல் போகும். விண்ணப்பத்தில் அப்பாவின் எண்ணைக் கொடுத்து, அதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டவர்களும் உண்டு. நம் ஊரில் கல்லூரிக்கு நேரில் போவது சேர்க்கையை உண்மையிலேயே தீர்மானிக்கும் இடம் இது. இதற்குப் போகாமல் இருக்கக் கூடாது.

அன்று நாம் போனோம், இன்று அவர்கள் வருகிறார்கள்

பெரிய மாற்றம் இன்னொன்று. அன்று இடங்கள் குறைவு, கேட்பவர் அதிகம். அதனால் நாம் வாசலில் நின்றோம். கல்லூரிகள் பெருகிப் பொறியியல் இடங்கள் நிரம்பாமல் போக ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழானது. பெரம்பலூரில் 1990களில்தான் தனியார் கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. இன்று அந்த நகரத்துக்கு வெளியூர்ப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். திருச்சி, நாமக்கல், சேலம் பக்கத்துக் கல்லூரிகளின் பஸ்கள் கிராமத்துச் சாவடி வரை வந்து நிற்கின்றன. தேர்வு முடிவுக்கு முன்பே, கல்லூரி ஆட்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேன்வாஸ் செய்கிறார்கள். ‘எங்க காலேஜை வந்து பாருங்க, வண்டி அனுப்புறோம்’ என்கிறார்கள்.

வண்டியில் ஏறிப் போவதில் தவறில்லை. போன இடத்தில் அட்வான்ஸ் கட்டிவிட்டு வருவதில்தான் ஆபத்து. அரசு ஒதுக்கீட்டு இடம் வேறு, நிர்வாக ஒதுக்கீட்டு இடம் வேறு. சிறுபான்மை அல்லாத சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் 65 விழுக்காடு இடம் ஒற்றைச்சாளரத்துக்கு, மிச்சம் நிர்வாகத்துக்கு. அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே பெஞ்ச்தான். ஆனால் ஒற்றைச்சாளரம் வழியாக வந்த பிள்ளைக்குத்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட மற்றத் தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேருபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதுவும் கலந்தாய்வு வழியாக வந்தால்தான். ‘சீட்டு கன்ஃபர்ம்’ என்ற ஒரு சொல்லை நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டுபவர், தனக்கு இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய படிப்பைக் கடன் வாங்கி வாங்குகிறார். வளாகத்தைப் பார்க்கப் போனதே இங்கே பிள்ளைக்குப் பாதகமாக முடிகிறது.

அசல் சான்றிதழை ‘சும்மா இருக்கட்டும்’ என்று வாங்கி வைத்துக்கொள்வதும் இப்படித்தான் நடக்கிறது. மாணவரின் அசல் சான்றிதழைக் கல்வி நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இலேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித்தர வேண்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஜெராக்ஸ் கொண்டுபோங்கள். அசல் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

கடல் தாண்டி ஒரு பார்வை

நேரில் போய்ப் பார்த்தால் சீட்டு கிடைக்குமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் பதில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அங்கே சில தனியார் கல்லூரிகள், விண்ணப்பித்த மாணவர் வளாகத்துக்கு வந்து போனாரா என்று குறித்து வைக்கின்றன. வந்து பார்த்தவர் இடம் கொடுத்தால் சேருவார் என்பது அவர்கள் கணிப்பு. ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், எம்.ஐ.டி. போன்றவை அதைக் கணக்கில் கொள்வதில்லை. பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கடும்போட்டி உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நேரில் வந்து தொடர்புகொண்டவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியது தெரியவந்தது. நல்ல மதிப்பெண் வைத்திருந்தவர்களுக்கு அது இன்னும் கூடியது. விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் போட முடிகிற குடும்பத்துக்கு அது இன்னொரு படிக்கட்டு. முடியாத குடும்பத்துக்கு அதுவே சுவர்.

அப்படி ஒரு முறை இங்கே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. ஒரு கல்லூரியைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் முதல் வட்டத்திலேயே வெளியே போவார்கள். நேர்காணலுக்கு 75 மார்க் இருந்த காலத்தை நாம் கடந்து வந்தது லேசில் அல்ல. வந்து பார்த்ததற்கு மார்க் என்று ஒன்று எந்தப் பெயரிலும் திரும்பி வரக் கூடாது. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டின் ஒற்றைச்சாளரம் அந்தக் கல்லூரிகளைவிட நியாயமானது. அதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் அதே அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு நமக்கு வேண்டியது. ஆர்கன்சா மாநிலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கல்லூரி பற்றிய தகவல் தாள்கள் மட்டும். இன்னொரு பிரிவுக்குத் தாள்களோடு பல்கலைக்கழக வளாகத்துக்குப் பயணங்களும். போய் வந்த பிள்ளைகளுக்குக் கல்லூரி பற்றிய விவரம் கூடுதலாகத் தெரிந்திருந்தது. ஆசிரியர்களிடம் கல்லூரியைப் பற்றி அதிகம் பேசினார்கள். எட்டாம் வகுப்பில் யாருக்கும் சீட்டு இல்லை. கிடைத்தது, அந்த இடம் தனக்கும் உரியது என்ற எண்ணம் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பார்த்த கண்ணும் பார்க்காத கண்ணும்

இந்த மண்ணில் மார்க்குக்குக் குறைவில்லை. பத்தாம் வகுப்பில் 2023இல் மாநில அளவில் தேர்ச்சி விகிதத்தில் முதலிடம் பெரம்பலூர், 97.67 விழுக்காடு. 2024இல் முதலிடம் அரியலூர், 97.31. பிளஸ் டூவில் 2025இல் அரியலூர் 98.82 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம். பின்தங்கிய பகுதி என்று பேர் வாங்கிய இரண்டு மாவட்டங்கள் இப்படி மேலே வந்தது தானாக நடக்கவில்லை. மாலை வகுப்பு எடுத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பெரம்பலூரில் ஆட்சியராக இருந்த தரேஸ் அகமது காலத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ‘சூப்பர் 30’ போன்ற முயற்சிகள் இருக்கின்றன. ஐந்தாறு வீட்டுக்கு ஒரு பிள்ளை தேறினால் போதும் என்றிருந்த தெருக்களில், ஒருவரும் தவறக் கூடாது என்ற பிடிவாதம் வந்திருக்கிறது.

மார்க் இருந்தும் கதவு மூடிய கதையும் இங்கேதான். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கினார். அப்பா திருச்சியில் சுமை தூக்கும் தொழிலாளி. அதுவரை இருந்த முறையில் அனிதாவின் 196.75 கட்-ஆஃபுக்கு மருத்துவ இடம் உறுதி. அந்த ஆண்டு மருத்துவத்துக்கு நீட் நுழைவுத் தேர்வு அளவுகோலானது. உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றார் அந்தப் பெண். வழி பிறக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். நான்கு வருடம் கழித்து, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. அங்கே ஓர் அரங்கத்துக்கு அவர் பெயர். அவர் கேட்டது அரங்கத்தை அல்ல, வகுப்பறையில் ஓர் இடத்தை. விதி மாறினால் மார்க்கும் கைகொடுக்காது என்பதற்கு அவர் சாட்சி.

ஆனாலும் அந்த வளாகம் இங்கே இருப்பதற்கு ஒரு பலன் உண்டு. இன்று அரியலூர் பஸ்ஸில் போகிற அரசுப் பள்ளிப் பெண், வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு ஏறும் அக்காவைப் பார்க்கிறாள். “எந்தப் பள்ளியில படிச்சீங்கக்கா?” என்று கேட்கிறாள். டாக்டர் படிப்பு என்பது திருச்சியிலும் தஞ்சாவூரிலும் இருக்கும் ஏதோ ஒன்றாக அவளுக்கு இனி இருக்காது.

இப்படிக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பை எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்பதற்குத்தான் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரிக் களப்பயணம் வந்தது. 2022இல் தொடங்கிய திட்டம் அது. பிளஸ் டூ படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ் வைத்துப் பக்கத்துக் கல்லூரிக்குக் கூட்டிப்போகிறார்கள். ஆய்வகம், நூலகம், விளையாட்டுத் திடல் எல்லாம் காட்டுகிறார்கள். முடிவு வந்த பிறகு ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டல். எங்கும் சேராமல் விட்டவர்களைத் தேடிப் பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ முகாம். சேர்ந்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் வழியாக மாதம் 1,000 ரூபாய். அன்று அப்பா தன் கூலியை இழந்து பார்த்த வாசலை இன்று அரசு தன் செலவில் காட்டுகிறது. இந்த ஐம்பது வருடத்தில் நடந்த மாற்றங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

போனால் எதைப் பார்ப்பது?

வாசல் வளைவையும் நீரூற்றையும் பார்க்க வேண்டாம். அவை காட்டுவதற்காகவே கட்டியவை. ஆய்வகத்துக்குப் போங்கள். கருவிகள் மேல் துணி மூடி, துணி மேல் தூசி படிந்திருந்தால் பிள்ளைகள் கை அங்கே பட்டு நாளாகிறது. பயன்பாட்டுப் பதிவேட்டில் கடைசித் தேதி எது என்று பாருங்கள். நூலகத்தில் வருகைப் பேரேடு மேசையிலேயே இருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை கையெழுத்து என்று எண்ணுங்கள். துறைத் தலைவரிடம் பேசுவதைவிட இரண்டாம் ஆண்டுப் பையனிடம் பேசுங்கள், “போன செமஸ்டர்ல எத்தன பேருக்கு அரியர்?” என்று கேளுங்கள். கல்லூரிப் பஸ் உங்கள் ஊருக்கு எத்தனை மணிக்குத் திரும்பும், சனிக்கிழமை வருமா என்று ஓட்டுநரிடம் விசாரியுங்கள். பெண்பிள்ளையைச் சேர்ப்பதானால் அம்மாவை விடுதிக் கழிப்பறை வரை கூட்டிப்போங்கள். கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். கல்விக் கட்டணம் தவிர ‘இதர’ என்று எழுதியிருப்பதில்தான் வருடா வருடம் கூடுகிற பணம் இருக்கும். ஒரே பெயரில் தொடங்கும் கல்லூரிகள் பல இருப்பதால், கலந்தாய்வுக் குறியீட்டு எண்ணைக் கையோடு எழுதிக்கொண்டு வாருங்கள்.

இத்தனையும் பார்த்தபின் வீட்டுக்கு வந்து விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்துங்கள். பிரவுசிங் சென்டர்க்காரர் தட்டுகிற வரிசை உங்கள் வரிசை ஆகிவிடக் கூடாது. கணினி உங்கள் பிள்ளை கேட்ட வரிசையில்தான் இடம் கொடுக்கும். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு நல்ல தரவரிசை இருந்தும் நல்ல இடம் கிடைப்பதில்லை.

இனி செய்ய வேண்டியது

களப்பயணம் பிளஸ் டூ வரை காத்திருக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு முடித்து எந்தப் பிரிவு எடுப்பது என்று திகைக்கும் பிள்ளைக்குத்தான் அது முதலில் வேண்டும். கணிதம் எடுக்காமல் விட்டுவிட்டுப் பிறகு பொறியியல் வளாகத்தைக் காட்டிப் பயன் என்ன? ஒரே கல்லூரியைக் காட்டினால் ஒப்பிட முடியாது. ஓர் அரசு கலைக் கல்லூரி, ஒரு பொறியியல் கல்லூரி, ஒரு பாலிடெக்னிக் என்று மூன்றையாவது காட்ட வேண்டும். பெற்றோரையும், குறிப்பாக அம்மாக்களையும், அதே பஸ்ஸில் ஏற்ற வேண்டும். பெண்ணைத் தூரத்துக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்ற முடிவு வீட்டில் எடுக்கப்படுகிறது, பள்ளியில் அல்ல. கண்ணால் பார்த்த அம்மா பிள்ளைக்காக வாதாடுவார். அரசு கலைக் கல்லூரிக் கலந்தாய்வுத் தேதியைக் குறுஞ்செய்தியோடு நிறுத்தாமல், பிள்ளை படித்த பள்ளிக்கும் தெரிவிக்க வேண்டும். வகுப்பாசிரியர் போன் போட்டுச் சொன்னால் ஒரு இடமும் வீணாகாது.

அந்த அப்பாவின் கேள்விக்கு என் பதில் இதுதான்: நேரில் போனதால் சீட்டு கிடைக்காது, அப்படித்தான் இருக்க வேண்டும், அது உங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பு. ஆனால் விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன், அசல் சான்றிதழையும் அட்வான்ஸ் பணத்தையும் வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளையோடு இரண்டு கல்லூரியாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போக முடியாத பிள்ளைகளை அழைத்துப்போவது பள்ளியின் கடமை, ஊரின் கடமை, அரசின் கடமை. மாநிலத்தில் முதலிடம் வாங்கித் தந்த பிள்ளைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.